ட்ரெமோலோ பிரிட்ஜ்: 'நடுக்கப் பாலம்' அல்ல, அசைகுதிரை

மின்கிதாரில் தந்திகளைத் தாங்கி நின்று, ஒரு கைப்பிடியை அழுத்தினால் அசைந்து சுருதியை மாற்றும் உறுப்பு 'ட்ரெமோலோ பிரிட்ஜ்'. தமிழில் வரும் குறிப்புகளில் அதை 'நடுக்கப் பாலம்' என்று எழுதுவது வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. இருப்பது இரண்டு சொல், இரண்டுமே பிழை. 'நடுக்கம்' அந்த உறுப்பு செய்யாத வேலையைச் சொல்கிறது. 'பாலம்' என்பதோ, தமிழில் ஏற்கெனவே பெயருள்ள ஒன்றுக்கு ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்த பெயர்.

ட்ரெமோலோ இத்தாலியச் சொல். அதன் லத்தீன் வேர் நடுங்குவதைக் குறிக்கும். ஆகவே 'நடுக்கம்' என்று எழுதியவர் அகராதியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், கிதாரைப் பார்க்கவில்லை. இசையில் ட்ரெமோலோ என்றால் சுரம் மாறாமல் ஒலியளவு மட்டும் கூடிக் குறைவது, அல்லது ஒரே சுரத்தை விரைவாக மீண்டும் மீண்டும் மீட்டுவது. சுரமே ஏறி இறங்கினால் அது விப்ராட்டோ. கிதாரில் அந்தக் கைப்பிடியை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்குகிறது. விட்டால் பழைய இடத்துக்கு ஏறுகிறது. ஒலியளவுக்கு இதில் வேலையே இல்லை.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்கியது. அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் டாக் காஃப்மன் 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியே ட்ரெமோலோ என்ற பெயரைச் சுமந்தது. கிதார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற மின்கிதாரில் அதே பெயரை வைத்தார். பிறகு அவருடைய நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்களில், ஒலியளவை ஏற்றி இறக்கும் வசதிக்கு 'விப்ராட்டோ' என்று அச்சிட்டார்கள். இரண்டு பெயரும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. இன்னொரு கிதார் தயாரிப்பாளரான பால் பிக்ஸ்பியோ தன் கருவியை விப்ராட்டோ என்றே சரியாக அழைத்தார். அந்தத் தவறை ஆங்கிலத்தார் பழக்கத்தால் சுமக்கிறார்கள். புதிதாகச் சொல் ஆக்கும் நமக்கு அந்தச் சுமை எதற்கு?

சிலர் 'அதிர்வுப் பாலம்' என்கிறார்கள். மீட்டிய தந்தி எந்தக் கிதாரிலும் அதிரத்தான் செய்யும். அதில் இந்த உறுப்புக்கு என்ன தனிச்சிறப்பு? இன்னும் சிலர் 'கமகப் பாலம்' என்கிறார்கள். இது கொஞ்சம் அருகில் வருகிறது, ஆனாலும் பொருந்தாது. கமகம் ஒரு பெரிய குடும்பம். அதில் சுரத்தை அசைக்கும் கம்பிதமும் உண்டு, சறுக்கும் ஜாருவும் உண்டு. வீணையில் அவை விரலில் பிறப்பவை. ஓர் இரும்புப் பிடிக்குக் கமகம் என்று பெயர் வைத்தால் கமகத்தின் பொருளும் சுருங்கிப்போகும்.

இனி, பாலம். வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் உறுப்பின் பெயர் குதிரை. தந்தி குதிரை ஏறி, மெட்டுகளைக் கடந்து, மறுமுனையில் அதைத் தாங்கும் மேருவைத் தாண்டி, சுருதி சேர்க்கத் திருகும் பிரடைக்குப் போகிறது. குதிரைக்குப் பின்னால் தந்தி கட்டப்படும் இடம் நாகபாசம். வீணை வாசிப்பவர் எவரும் 'பாலம்' என்று சொல்வதில்லை. இத்தனை சொற்கள் கையில் இருக்க, கிதாரின் 'நட்' என்பதைக் 'கொட்டை' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது திருகாணியோடு வரும் நட் அல்ல, மேரு. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வீணையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் இப்படித்தான் முடியும்.

என் பரிந்துரை: அசைகுதிரை. வினைத்தொகை, அசைந்த, அசைகிற, அசையும் குதிரை. 'ஆடுகுதிரை' என்றால் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் நினைவுக்கு வரும், அதனால் அது வேண்டாம்.

இந்தச் சொற்களைப் பயன்படுத்திப் பார்த்தால், வகைகளுக்குள் இருக்கும் வேறுபாடும் தானாகத் தெளிகிறது. பிக்ஸ்பியின் கருவியை எல்லோரும் ட்ரெமோலோ பிரிட்ஜ் பட்டியலில் சேர்க்கிறார்கள். உண்மையில் அங்கே அசைவது குதிரை அல்ல, நாகபாசம். குதிரை தனியே நிற்க, தந்தி அதன் மேல் முன்னும் பின்னும் இழுபடுகிறது. அந்த உராய்வில் தந்தி மாட்டிக்கொண்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. உருளைகள் வைத்த குதிரையைப் போடுவது அதனால்தான். எனவே இதை 'அசைநாகபாசம்' என்பதே சரி. சுருதியை இது கொஞ்ச தூரமே இறக்கும். மென்மையான அசைவுக்கு ஏற்றது.

ஸ்ட்ராடோகாஸ்டரில் குதிரையே தந்தியோடு சேர்ந்து சாய்கிறது. ஆகவே குதிரையில் உராய்வு குறைவு. மேருவிலும், தலைப்பகுதியில் தந்தியை அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கியிலும்தான் சிக்கல். மேருவின் பள்ளம் தந்தியின் தடிமனுக்கு ஒடுக்கமாக இருந்தால், பிடியை விட்ட பிறகும் சுருதி தாழ்ந்தோ உயர்ந்தோ நின்றுவிடும். பள்ளத்தைச் சரியாக அரவி, பென்சில் கரியைத் தடவினால் பெரும்பாலும் தீரும்.

குதிரை உடலில் படியாமல் மிதக்கும்படி அமைக்க: முதலில் சுருதி சேர்க்க வேண்டும். பின்புறம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரு திருகுகளையும் கால் சுற்று தளர்த்தி, மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். ஆறு திருகுகளில் நிற்கும் ஸ்ட்ராடோகாஸ்டர் வகை அசைகுதிரையின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3.2 மி.மீ. உயரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். 9 எண் தந்தியை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த 10 போட்டால் இழுவிசை கூடிக் குதிரை முன்னால் சாயும்; அந்தத் திருகுகளை இறுக்க வேண்டும். மிதக்கும் குதிரையில் ஒரு தந்தியை வளைத்தால் மற்றவற்றின் சுருதி இறங்கும். ஒன்று அறுந்தால் மற்றவை ஏறும். ஸ்பிரிங்கும் தந்திகளும் தராசின் இரு தட்டுகள்.

ஃப்ளாய்ட் ரோஸ் வகை தந்தியை மேருவிலும் குதிரையிலும் பூட்டிவிடுகிறது. இடையில் தந்தி நழுவ இடமில்லை. எவ்வளவு அழுத்தினாலும் சுருதி திரும்பி வரும். இதைப் 'பூட்டு அசைகுதிரை' எனலாம். கத்திமுனை போன்ற தாங்குவிளிம்பு தேய்ந்தால் மட்டும் குதிரை பழைய இடத்தில் உட்காராது. எத்தனை பூட்டினாலும் பயனில்லை. குதிரையில் உள்ள சிறு நுண்திருகால் எட்டாத அளவு சுருதி விலகினால், மேருப் பூட்டைத் தளர்த்திப் பிரடையால் சேர்த்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும்.

ஒலி நயத்தில் ஒவ்வொன்றும் வேறு. ஆறு திருகு வகையில் குதிரைக்குக் கீழே தொங்கும் கட்டை எஃகாக இருந்தால், துத்தநாக வார்ப்பைவிட நாதம் நீண்டு நிற்கிறது என்பது வாசிப்பவர் பலரின் கணிப்பு. ஸ்பிரிங்குகளின் மெல்லிய முழக்கமும் அதன் குரலில் கலந்திருக்கிறது. பின்குழியில் மரத்துண்டைச் செருகிக் குதிரையை நிறுத்திவிட்டால் சுருதி உறுதிப்படும், ஆனால் அந்த முழக்கம் குறையும். அப்படி நிறுத்திய குதிரையை அசையாக்குதிரை என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே புரியும். 'நடுங்கா நடுக்கப் பாலம்' என்று எழுதினால் என்ன புரியும்?