கிரியேட்டினின் 1.1: ஒரே எண், இரண்டு சிறுநீரகங்கள்

திருவாரூரில் ஒரு லேப். 25 வயது டிராக்டர் ஓட்டுநருக்கும், 70 வயதிலும் களையெடுக்கப் போகும் அம்மாவுக்கும் ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் கிரியேட்டினின் 1.1. வயது, பாலினம் சேர்த்து இப்போது புழங்கும் 2021 சூத்திரத்தில் போட்டால், இளைஞரின் இ.ஜி.எஃப்.ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், சுமார் 95. அம்மாவுக்குச் சுமார் 54. இது 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய்.

காரணம் தசை. கிரியேட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. தசை வற்றிய உடம்பில் கழிவே குறைவு என்பதால், வடிகட்டல் மந்தமானாலும் எண் பெரிதாக ஏறாது. அந்த அம்மா மிகவும் மெலிந்தவர் என்றால் உண்மை நிலை 54-ஐ விடவும் மோசமாக இருக்கலாம்.

எண் வீணாக ஏறுவதும் உண்டு. காணும் பொங்கலன்று கறிக்குழம்பு சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் கொஞ்சம் கூடும். குறுவை நடவில் நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் கூடும். வழக்கமான பரிசோதனைதானே, ஓரிரு நாள் கழித்துக் கொடுக்கலாம். கால் வீக்கமோ, சிறுநீர் குறைவோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

கிரியேட்டினினுக்கு இன்னொரு குறை, அது தாமதமாகச் சொல்லும். சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியளவு போன பிறகுதான் பலருக்கு எண் இயல்பு வரம்பைத் தாண்டுகிறது. அதற்கு வெகு முன்பே, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் இந்தச் சிறு கசிவு தப்பிவிடும். "ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் இரண்டுமே சேர்ந்து நீர்த்துப்போகும், விகிதம் மாறாது. அதனால்தான் விகிதமாகப் பார்க்கிறார்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை கவனிக்க வேண்டிய கட்டம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உழைப்பு எல்லாமே இதை ஏற்றிவிடும். எனவே ஒரு தடவை கூடியதை வைத்து முடிவு கட்டக் கூடாது. சில மாத இடைவெளிக்குள் மூன்றில் இரண்டு தடவை கூடியிருந்தால்தான் கணக்கு. இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால், தெரியவந்த ஆண்டிலிருந்தே வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நீர் வற்றிய உடம்பில் சேதம் அதிகம். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே. 30 சதவீதத்துக்குள் என்றால் பெரும்பாலும் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள்.