பல்கலைக்கழகத்தில் எழுதியது யாருக்குச் சொந்தம்?

பேராதனையில் 10 வருடம் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேராதனை வகுப்புகளுக்காகத் தயாரித்த பாடநூலையும் அவர் மடிக்கணினியில் கொண்டுபோகிறார். அதைத் தன் பெயரில் அச்சிட்டு விற்கலாமா? எழுதியது அவர்தான். ஆனால் விற்கும் உரிமை பெரும்பாலும் அவரிடம் இல்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு இதைத் தீர்மானிக்கிறது. படைத்தவரே பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஊழியர் ஒருவர் தன் வேலையின் போக்கில் படைத்ததென்றால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமைகள் தொழில் கொடுப்பவருக்குப் போகும். படியெடுத்தல், மொழிபெயர்த்தல், தழுவுதல், விநியோகித்தல், ஒலிபரப்புதல் எல்லாம் பொருளாதார உரிமைகளுக்குள் அடங்கும். பல்கலைக்கழகம் சட்டத்தின் பார்வையில் ஒரு தனி ஆள். ஆகவே உரிமை துறைத் தலைவருக்கோ பீடாதிபதிக்கோ அல்ல, பல்கலைக்கழகத்துக்கே போகிறது.

சிக்கல் முழுவதும் “வேலையின் போக்கில்” என்ற சொற்களில் கிடக்கிறது. அலுவலக நேரமா, யாருடைய கணினி என்பதெல்லாம் சாட்சியமாகப் பயன்படும், முடிவைத் தருவதில்லை. அதைச் செய்வது உங்கள் கடமையா என்பதே கேள்வி. இரசாயனவியல் விரிவுரையாளர் இரவில் நாவல் எழுதினால், அதைப் பல்கலைக்கழகக் கணினியில் எழுதியிருந்தாலும், நாவல் அவருடையது. பரீட்சை வினாத்தாள், பாடத்தொகுதி, தொலைக்கல்விக் கையேடு ஆகியவை நியமனக் கடிதத்திலுள்ள கடமையோடு ஒட்டியவை. அங்கே பல்கலைக்கழகத்தின் கை ஓங்கியிருக்கும். நடுவில் நிற்பது உயர்தர மாணவருக்கான வழிகாட்டி நூல் போன்றவை. யாரும் எழுதச் சொல்லவில்லை, சம்பளமும் அதற்கில்லை என்றால் உங்கள் வாதம் பலமானது. ஆனால் வகுப்புக் குறிப்புகளை அப்படியே அள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பகுதியில் பலம் போய்விடும்.

வருகைதரு விரிவுரையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. “நான் நிரந்தர ஊழியர் இல்லை, ஆகவே என் கையேடு எனக்கே” என்று பலர் நினைக்கிறார்கள். நம் சட்டத்தில் ஊழியர் படைப்பைப் பற்றிய அதே உட்பிரிவு, கேட்டுச் செய்விக்கப்பட்ட படைப்பின் உரிமையையும் செய்வித்தவருக்கே கொடுக்கிறது. சிங்களப் பாடத்தொகுதியைத் தமிழாக்கக் காசு வாங்கிய ஹற்றன் ஆசிரியருக்கும் பட்டமளிப்பு விழாவைப் படமெடுத்த கண்டிப் புகைப்படக்காரருக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இருந்தால் மட்டுமே நிலைமை மாறும்.

மாணவர் நிலை வேறு. அவர் ஊழியரும் அல்ல, கூலிக்குச் செய்தவரும் அல்ல, ஆய்வேடு அவருடையது. நூலகத்தில் பிரதி ஒப்படைப்பதால் உரிமை கைமாறாது. தலைப்பைச் சொல்லிக் கொடுத்து, வரைவைத் திருத்திய மேற்பார்வையாளர் அதனால் மட்டும் இணை ஆசிரியராக முடியாது. கருத்தும் வெறும் தரவும் பதிப்புரிமைக்குள் வருவதில்லை என்று 8 ஆம் பிரிவு சொல்கிறது; எழுதிய வடிவத்துக்கே காப்பு.

இதனாலேயே பதுளைக்குப் போனவருக்கும் வழி உண்டு. அவருடைய அறிவைப் பேராதனை பிடித்து வைக்க முடியாது. அதே பாடத்தை வேறு ஒழுங்கில், வேறு உதாரணங்களோடு, தன் சொற்களில் புதிதாக எழுதலாம். பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுவது அந்தக் கணக்கில் வராது.

பொருளாதார உரிமை போனாலும் ஒழுக்க உரிமை போவதில்லை. உங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்றும், பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைக்கக் கூடாது என்றும் 10 ஆம் பிரிவின்படி நீங்கள் கேட்கலாம். உயிரோடிருக்கும்வரை இதை வேறொருவருக்குக் கைமாற்றவும் முடியாது. பாடத்தொகுதியின் அடுத்த பதிப்பில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு இப்போதைய இணைப்பாளரின் பெயரைப் போட்டால், நீங்கள் பிடிக்க வேண்டிய கொம்பு இதுதான். பலர் இதை விட்டுவிட்டு உரிமைத்தொகைக்காகச் சண்டை பிடித்துத் தோற்கிறார்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு பக்கக் கடிதம் போதும். படைப்பின் தலைப்பு, அது கடமைக்குள்ளா வெளியிலா, எந்த உரிமை யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதுங்கள். உரிமைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: அச்சு, மொழிபெயர்ப்பு, இணையம், காணொளிப் பதிவு. கைமாற்றத்தில் வெளிப்படையாகச் சொல்லாத உரிமை கைமாறாது. 16 ஆம் பிரிவு எழுத்தையும் இரு தரப்புக் கையொப்பத்தையும் கேட்கிறது. துறைத் தலைவர் தேநீர் குடித்துக்கொண்டே “பிரச்சினையில்லை, போடுங்கோ” என்று சொன்னது செல்லாது. பல்கலைக்கழகத்துக்காகக் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் யார் என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, அவரிடம் வாங்குங்கள். பேரவை ஏற்ற புலமைச் சொத்துக் கொள்கை இருந்தால் அதன் பிரதியையும் கேளுங்கள். சில கொள்கைகள் நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆசிரியருக்கே விட்டுவிடுகின்றன. சஞ்சிகைக்கு உரிமை மாற்றப் படிவம் கையொப்பமிடுமுன் இதைப் பார்க்காவிட்டால், உங்களிடம் இல்லாததைக் கொடுத்தவராகி விடுவீர்கள்.

இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறை இல்லை. படைத்த கணமே காப்பு உண்டு. நூலுக்கு அடையாளமாகக் கொடுக்கப்படும் ஐஎஸ்பிஎன் (ISBN) இலக்கம் உரிமைச் சான்றல்ல. திகதியிட்ட வரைவுகள், மின்னஞ்சல்கள், நியமனக் கடிதம், கடமைப் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தகராறு முற்றினால் உடனே நீதிமன்றம் போகத் தேவையில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் உரிய படிவத்தில் முறையிட்டால், 22 ஆம் பிரிவின்படி விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.