நாற்பது ஆண்டு கலந்தே கிடந்த கெய்ஷா காபி

1960களில் பனாமா நாட்டுக் காபி விவசாயிகளிடம் கெய்ஷா ரகத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் பெரும்பாலும் குறைதான் சொல்லியிருப்பார்கள். மரம் நெட்டையாக வளரும். ஆனால் கிளைகள் மெலிந்தவை, பழம் பறிக்க வளைத்தால் ஒடிந்துவிடும். கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம், விளைச்சலும் குறைவு. உலகிலேயே மிக அதிக விலைக்கு ஏலம் போகும் காபி இன்று அந்த ரகத்திலிருந்துதான் வருகிறது.

இதன் பூர்வீகம் தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடுகள். 1930களில் அங்கே சேகரித்த விதைகள் தான்சானியாவின் லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயின. அங்கிருந்து 1953-ல் கோஸ்டாரிகாவின் டுரியால்பா ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து, டி2722 என்ற எண்ணில் பதிவாயின. இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதால் அடுத்த பத்தாண்டில் பனாமாவுக்கும் கொடுத்தார்கள். சுவைக்காக யாரும் கேட்டு வாங்கவில்லை. சில தோட்டங்களில் மற்ற ரகங்களுக்கு நடுவே ஆங்காங்கே நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் நாற்பது ஆண்டுகள் எப்படி யாருக்கும் தெரியாமல் போனது? பறித்த பழமெல்லாம் ஒரே தொட்டிக்குப் போகும். தோல் நீக்கி, காயவைத்து, ஒன்றாகவே மூட்டை கட்டுவார்கள். நூறு மரத்துக் கொட்டையில் ஐந்து மரத்துக் கொட்டை கலந்தால் அதன் மணம் மற்றவற்றில் கரைந்து போகும். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: சுவை எப்போதும் அங்கேயே இருந்தது, தனியாகப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை.

பிரித்துப் பார்த்தது பனாமாவின் பொக்கேட்டே ஊரின் பீட்டர்சன் குடும்பம். பாரு எரிமலைச் சரிவில் அவர்களுடைய லா எஸ்மெரால்டா தோட்டம் இருக்கிறது. 1990களில் ஹராமில்யோ என்ற நிலத்தையும் வாங்கினார்கள். அங்கே இலைப்புள்ளி நோய் பரவியபோது சில மரங்கள் மட்டும் தாக்குப்பிடித்தன; அவைதான் கெய்ஷா. அவற்றின் விதையை இன்னும் உயரமான சரிவில் நட்டார்கள். பின்னர் டேனியல் பீட்டர்சன், தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக் கொட்டையையும் தனித்தனியாக வறுத்துச் சுவைத்துப் பார்த்தார். உயரச் சரிவிலிருந்து வந்தது மட்டும் மற்ற எதனோடும் சேரவில்லை. 2004-ல் அதைத் தனியாகவே 'பெஸ்ட் ஆஃப் பனாமா' என்ற காபிச் சுவைப் போட்டிக்கு அனுப்பினார்கள். முதலிடம் பிடித்து, ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலருக்குப் போனது. சந்தையில் சாதாரண அராபிகா இனக் காபி பவுண்டுக்கு ஒரு டாலரை ஒட்டி விற்ற ஆண்டு அது.

மணத்தின் காரணத்தை விதையிலிருந்தே தொடங்க வேண்டும். கெய்ஷாவும் அராபிகாவின் ஒரு ரகம்தான். அராபிகா, இரண்டு காபி இனங்கள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகக் கலந்து பிறந்த செடி. தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும் என்பதால் அதன் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. எத்தியோப்பியாவிலிருந்து ஏமனுக்குச் சில விதைகளே போயின. உலகம் முழுக்கப் பரவிய டிபிகா, போர்பன் ரகங்கள் அவற்றின் வாரிசுகள். கெய்ஷா அந்தக் குறுகிய வழியில் வரவில்லை, நேரே காட்டிலிருந்து வந்தது. அதனால் மற்ற ரகங்கள் வழியில் இழந்த சில பண்புகள் இதில் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் கெய்ஷா என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. பனாமா வகை தனி மரபணு அடையாளம் கொண்டது; அதே பெயரில் சுற்றும் வேறு செடிகளுக்கு அந்த மணம் இருக்கும் என்று நம்ப முடியாது.

விதை மட்டும் போதாது. பொக்கேட்டேயில் இது சுமார் 1,600 மீட்டருக்கு மேல் வளர்கிறது. குளிர்ந்த இரவுகளில் பழம் மெதுவாகப் பழுக்கும். சர்க்கரையும் அமிலங்களும் சேர நேரம் கிடைக்கும். தாழ்வான வெயில் நிலத்தில் அதே விதையை நட்டால் காபி சப்பென்று இருக்கும்.

நன்றாக விளைந்த கெய்ஷாவை லேசாக வறுத்து வடித்தால் நிறம் தேநீர் போலத்தான் தெரியும். சூடாக இருக்கும்போது மல்லிகை மணம் எழும். ஆறஆற ஆரஞ்சுத் தோல், பீச் பழம், தேன் என்று மாறும். இந்தப் பூமணத்தோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் சேர்மம் லினலூல். மல்லிகை, லாவண்டர், பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம்) மூன்றிலும் அது உண்டு. இப்படிப்பட்ட மணச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகிவிடும். கருக வறுத்தால் அவை போய், எல்லாக் காபிக்கும் பொதுவான கரிக் கசப்புதான் மிஞ்சும். பால் சேர்த்தாலும் பாதி மணம் அமுங்கிவிடும். நாக்கில் கனமாக நிற்கும் கெட்டிக் காபி பிடித்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2025 'பெஸ்ட் ஆஃப் பனாமா' ஏலத்தில் லா எஸ்மெரால்டாவின் 20 கிலோ கெய்ஷா, கிலோ 30,204 டாலருக்குப் போனது. இதை கெய்ஷாவின் பொதுவிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில கிலோவே கிடைக்கும் முதல் பரிசுக் காபிக்கு, கடைகள் பெருமைக்காகவும் விளம்பரத்துக்காகவும் போட்டியிட்டுத் தரும் விலை அது. மற்ற கெய்ஷாக்கள் அதில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. ஆனாலும் மலிவாகாது. விளைச்சல் குறைவு, நிலம் செங்குத்து, பழுத்ததை மட்டும் பல சுற்றாகக் கையால் பறிக்க வேண்டும்.

டுரியால்பா பண்ணையில் இதுபோல ஆயிரத்துக்கும் மேற்பட்ட காபி மாதிரிகள் இருக்கின்றன. நெல், கோதுமை விதைகளைப் போலக் காயவைத்து உறையவைத்துக் காபி விதையைப் பல பத்தாண்டுகள் காப்பது கடினம். அதனால் அவை மரங்களாகவே நிற்கின்றன, வயதாகிக்கொண்டும் வருகின்றன. எத்தியோப்பியக் காடுகளும் சுருங்கிவருகின்றன. பண்ணையில் நிற்பவற்றுக்கு உடனே மறுநடவு வேண்டும். கூடவே ஒவ்வொன்றின் பழத்தையும் தனியாகப் பறித்து, தனியாக வறுத்து, குடித்துப் பார்க்கவும் வேண்டும்.