செம்புக் குழாய் ஊதலின் ஒலி எங்கிருந்து வருகிறது?

ஸ்பிளிட் ஏசி மாட்ட வந்தவர் வேலை முடிந்து கிளம்பும்போது, வெட்டி மிஞ்சிய செம்புக் குழாய்த் துண்டுகள் இரண்டு மூன்று மூலையில் கிடக்கும். 5/8 அங்குலம், தச்சர் கணக்கில் ஐந்து நூல். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். நமக்கு அது பழைய இரும்புக் கடைக்குப் போகிற பொருள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஏறக்குறைய இதே பருமனுள்ள 15 மி.மீ. செம்புக் குழாயில்தான் பல வீடுகளில் தண்ணீர் ஓடுகிறது. பிளம்பிங் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் அந்தக் குழாயை வாங்கி, ஐரிஷ் நாட்டுப்புற இசையின் ‘டின் விசில்’ என்ற ஊதலைச் செய்துகொள்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு. குழாய், ஒரு மரத்தக்கை, ஒரு அரம், கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் தேவை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். குழாயின் ஒரு முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளி, மேல்புறத்தில் 7 மி.மீ. அகலமும் 4 முதல் 5 மி.மீ. நீளமும் உள்ள ஒரு ஜன்னலை அறுத்தெடுக்க வேண்டும். அந்த முனைக்குள் இறுக்கமாகப் போகும் மர உருளை ஒன்றைச் செதுக்கி, அதன் மேல்புறத்தை மட்டும் நெடுக 1 மி.மீ. அளவுக்குத் தட்டையாகச் சீவ வேண்டும். தக்கையை ஜன்னலின் விளிம்பு வரை தள்ளினால், மரத்துக்கும் செம்புக்கும் நடுவே மெல்லிய சந்து ஒன்று கிடைக்கும். ஜன்னலின் எதிர் விளிம்பை அரத்தால் கத்திபோல் கூராக்கி, அரை மி.மீ. உள்ளே அமுக்கிவிட வேண்டும். சந்தின் வழியாக ஊதினால் குழாய் பாடும்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் பாடாது. ‘உஸ்ஸ்’ என்று சீறும். எனக்கும் அப்படித்தான் ஆனது. கூர் விளிம்பை உள்ளே அமுக்காமல் விட்டிருந்தேன். குழாயின் சுவர் முக்கால் மி.மீ. கனம்கூட இல்லை. அதைச் சரிவாக அராவினால் கூர், சுவரின் உள்பரப்பு மட்டத்தில்தான் அமையும். சந்திலிருந்து வரும் காற்றோ அதற்குக் கீழே ஓடுகிறது. கூர், காற்றின் நடுவில் நிற்க வேண்டும். அந்த அரை மி.மீ.யில்தான் இந்தக் கருவியின் உயிர் இருக்கிறது.

சந்திலிருந்து வெளியே வரும் காற்றை ஒரு தட்டையான நாக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 2 செ.மீ. ஆழத்தில் வைத்துக் குமிழி விட எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அவ்வளவு மென்மையாக ஊதினாலே அந்த நாக்கு வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஜன்னலைத் தாண்டிக் கூரில் மோதியதும் அதற்கு இரண்டு வழி: குழாய்க்கு உள்ளே போகலாம், வெளியே போகலாம். கொஞ்சம் உள்ளே நுழைந்தால் ஜன்னலோரம் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே திறந்த வெளியில் பட்டு, தலைகீழாக மாறி, அழுத்தக் குறைவாகத் திரும்பி வருகிறது. இப்படிப் போய்வரும் அலையே நாக்கை உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றி ஆட்டுகிறது. நாக்கு ஆட ஆட, அலைக்கு மேலும் வலு ஏறுகிறது. தூளியை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, காற்றுநாக்கு சரியான தருணத்தில் ஒரு சிறு தள்ளு தந்துகொண்டே இருக்கிறது.

நாக்கின் அசைவு சந்தின் வாயில் தொடங்கிக் கூர் வரை நகர்ந்து வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரம் ஓர் அதிர்வின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும்போது ஊதல் நன்றாகப் பேசும். பலமாக ஊதினால் நாக்கின் வேகம் கூடுகிறது, அந்த நேரம் குறைகிறது, ஸ்வரம் சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. ஜன்னல் நீளம் குறைந்தாலும் இதே கதைதான்: மெல்ல ஊதும்போதே மேலே தாவிவிடும். நீளம் கூடிவிட்டால் மேல் ஸ்தாயி எட்டாமல் போகும்.

எவ்வளவு நீளக் குழாய்க்கு என்ன ஸ்வரம்? டின் விசில்களில் பெரிதும் புழங்குவது மேற்கத்திய ‘டி’ ஸ்வரத்தில் தொடங்குவது. அதன் அதிர்வெண் 587 ஹெர்ட்ஸ். இரு முனையும் திறந்த குழாயில் அரை அலைநீளம் அடங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். கணக்குப் போட்டால் 29.7 செ.மீ. வருகிறது. அந்த அளவுக்கு வெட்டி ஊதினால் ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும். உண்மையில் கூரிலிருந்து முனை வரை 27 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் காற்றுத்தம்பச் சோதனை செய்தவர்களுக்கு ‘முனைத் திருத்தம்’ நினைவிருக்கும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த 0.3 மடங்கு விட்டம் இங்கே கைக்கு அகப்படுகிறது. அலை, குழாயின் விளிம்பில் நின்றுவிடுவதில்லை. வெளியே உள்ள காற்றையும் கொஞ்சம் சேர்த்து ஆட்டுகிறது. திறந்த முனையில் இது 4 மி.மீ. ஜன்னல் பக்கத்தில் வாய் மிகக் குறுகலாக இருப்பதால் 2 செ.மீ. வரை போகிறது. அதனால் முதலில் நீளமாகவே வெட்டிவைத்து, ஊதிப் பார்த்து, அராவி அராவிக் குறைப்பதுதான் நல்லது. வெட்டியதை ஒட்ட முடியாது. பைப் கட்டரால் வெட்டினால் விளிம்பு உள்பக்கம் மடிந்து பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் சுருதி பார்க்காதீர்கள். வாய் குறுகினால் ஸ்வரம் இறங்கும்.

துளை போடுவதற்கு முன் ஒரு சோதனை. அடிமுனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மிக மெதுவாக ஊதுங்கள். ஸ்வரம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். மூடிய குழாயில் கால் அலைநீளம் மட்டுமே அடங்குவதால், அதே நீளத்துக்கு இரண்டு மடங்கு நீண்ட அலை கிடைக்கிறது.

இனி செம்புக்கு வருவோம். செம்பில் செய்தால் ‘இனிமையான, கதகதப்பான’ ஒலி வரும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்து 1971இல் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் உள்ளளவு மாறாத புல்லாங்குழல்கள் செய்து, எது எதுவென்று தெரியாதபடி வாசிக்க வைத்தார். கேட்டவர்களால் வேறுபாடு காண முடியவில்லை. கருவியைப் பார்க்கவும் எடையை உணரவும் வழியில்லாதபோது வாசித்தவர்களாலும் முடியவில்லை. வெண்கல மணியைக் கையால் பிடித்தால் ஒலி அடங்கிவிடும், ஏனென்றால் அங்கே அதிர்வது உலோகம். ஊதலை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஒலி மாறாது. அதிர்வது உள்ளே இருக்கும் காற்று.

வெயிலும் இதையே காட்டும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் செம்புக் குழாய் 0.05 மி.மீ. அளவுக்கு நீள்கிறது. நீண்டால் ஸ்வரம் தாழ வேண்டும். ஆனால் அது 1.7 சதவீதம் உயர்கிறது, அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுவதுதான் காரணம்.

அப்படியானால் செம்பு எதற்கு? உள்சுவர் வழவழப்பு, முனைக்கு முனை மாறாத விட்டம், அரத்துக்கு இணங்கும் மென்மை. கைத்தொழிலுக்கு இவை பெரிய வசதிகள். மூங்கிலில் இந்த ஒழுங்கு அமைவது அரிது. 1970களின் தொடக்கத்தில் ஃபின்பர் ஃப்யூரி என்ற ஐரிஷ் இசைக்கலைஞர், தன்னிடமிருந்த இந்திய மூங்கில் குழல் உடைந்துபோனதும் பெர்னார்ட் ஓவர்டன் என்பவரிடம் போனார். மாற்றாக ஓவர்டன் உலோகக் குழாயில் செய்து தந்ததிலிருந்துதான் இன்று ‘லோ விசில்’ எனப்படும் தாழ்சுருதி ஊதல் வளர்ந்தது. அது அலுமினியம்.

விரல் துளைகள் ஆறு. துளையைத் திறந்தால் குழாய் அங்கேயே முடிந்துவிட்டது போல அலை நடந்துகொள்கிறது. துளையைப் பெரிதாக்கினால் ஸ்வரம் ஏறும். ஆகவே சிறிதாகத் துளைத்து, சுருதிக்கு வரும்வரை விரிக்க வேண்டும். அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக.

ஏசிக் குழாயில் எண்ணெய் ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஈயம் கலந்த பற்றவைப்பு இருந்த பழைய குழாய் வேண்டவே வேண்டாம். செம்பில் களிம்பு ஏறினால் பாத்திரத்துக்குச் செய்வது போலப் புளி போட்டுத் தேயுங்கள். உதடு படும் இடத்தை மரத்தக்கையை நீட்டிச் செய்துகொள்வது இன்னும் நல்லது. வாசிப்பதற்கு முன் ஊதலைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். குளிர்ந்த உலோகத்தில் மூச்சின் ஈரம் நீர்த்துளியாகி அந்த 1 மி.மீ. சந்தை அடைத்துவிடும். அடைத்தால் ஜன்னலை விரலால் மூடி ஒருமுறை பலமாக ஊதுங்கள், துளி பறந்துவிடும்.