உப்புக்காற்றில் ஓடும் பழைய காரும் நிலையில்லாத ஐடிலிங்கும்

மண்டபம், கீழக்கரை, தொண்டி எனக் கடலை ஒட்டிய ஊர்களில் ஓடும் பழைய பெட்ரோல் கார்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு இது. ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது இன்ஜின் ஒரு சீராக ஓடாமல் வேகம் ஏறி இறங்கும். சில நேரம் அணைந்தும் போகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடும். மிதித்தால் மறையும் என்பதே நோயைக் கண்டறிவதற்கான முதல் தடயம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடும் ஐடிலிங்கில், காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருப்பதால் இன்ஜினுக்குள் செல்லும் காற்று மிகக் குறைவு. சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்து அனுப்பும் குழாயான மேனிஃபோல்டில் வேக்கமோ, அதாவது உறிஞ்சும் வெற்றிடமோ, மிக அதிகம். அந்த நிலையில் ஒரு ரப்பர் ஹோஸிலோ, இணைப்புகளுக்கு இடையே அடைப்பாக வைக்கும் கேஸ்கெட்டிலோ சிறு விரிசல் இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்க்கச் செய்துவிடும். த்ராட்டில் திறந்ததும் உள்ளே வரும் காற்று பல மடங்காகிறது, வேக்கமும் தணிகிறது. ஆகவே அதே கசிவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இதை அளந்து பார்க்க வேக்கம் கேஜ் போதும். நல்ல நிலையிலுள்ள இன்ஜின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள் அசையாமல் நிற்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால் கொடைக்கானலில் இந்த எண்ணை அப்படியே கொள்ள முடியாது. இராமநாதபுரம் கரையில் கொள்ளலாம். முள் தாழ்வாகவும் நிலையாகவும் நின்றால் கசிவையோ தீப்பொறி விழும் நேரம் (இக்னிஷன் டைமிங்) பின்தங்கியிருப்பதையோ சந்தேகிக்க வேண்டும். சீரான இடைவெளியில் முள் விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வில் குறை இருக்கக்கூடும். கசியும் இடத்தை அறிய, பிளக் வயர்களைத் தவிர்த்து, ஹோஸ்களின் மீதும் மேனிஃபோல்டு இணைப்புகளின் மீதும் சிறிது தண்ணீரைத் தெளிக்கலாம். விரிசலை நீர் மூடும் நொடியில் இன்ஜின் ஒலி மாறும். சூடான சைலன்சர் குழாய்க்கு அருகில் பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் ஆபத்தானது. அதை அறவே கைவிட வேண்டும். ஹோஸ்களைக் கையால் வளைத்தும் பார்க்க வேண்டும், ஏனெனில் விரிசல் பெரும்பாலும் கண்ணில் படாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும்.

இந்தக் கரையில் இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு மையத்தையே வைத்திருக்கிறது. காரில் அந்த அரிப்பு முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினுடனும் பாடியுடனும் இணைக்கும் எர்த் வயர். வெளியே உறை நன்றாகவே இருக்கும். முனையைக் கழற்றினால் செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மல்ட்டி மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கார்பரேட்டருக்குப் பதில் கணினி பெட்ரோலை அளந்து செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் இது இன்னும் முக்கியம்; எர்த் சரியில்லை என்றால் சென்சார் அனுப்பும் வோல்டேஜ் பிசகி, கணினி தவறான அளவில் பெட்ரோலைச் செலுத்தும்.

தீப்பொறியில் குறையா என்று அறிவது எளிது. மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி 800 போன்ற வண்டியில் ஒவ்வொரு சிலிண்டராகத் தீப்பொறியைச் சில நொடிகள் நிறுத்திப் பார்த்தால், எதை நிறுத்தியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பிறகு அதன் பிளக், வயர், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

ஐடிலிங் ஸ்குருவை முதலிலேயே திருகுவதை நான் ஏற்பதில்லை, அது ஆர்.பி.எம்.மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் வேகத்தை) உயர்த்திக் கோளாறை மறைக்கும், நீக்காது. மற்றவை சரியான பின், இன்ஜின் நன்கு சூடான நிலையில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் மிக்சர் ஸ்குருவை மெதுவாகத் திருகி, இன்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்தி, அதன்பின் ஆர்.பி.எம்.மைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஸ்குருவை எவ்வளவு திருகியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டின் நுண்துளை அடைத்திருக்கிறது, அல்லது த்ராட்டில் தகடு தேவைக்கு மேல் திறந்து நிற்கிறது. கார்பரேட்டரைக் கழற்ற வேண்டிய கட்டம் அதுதான்.