முதியோர் இல்லங்களில் கலைநிகழ்ச்சி: அழைப்பு யாருக்கு வருகிறது?

தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களில் எங்கள் வட்டாரத்து முதியோர் இல்லங்களுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று குழுக்கள்கூட வந்து பாடிவிட்டுப் போவதுண்டு. காலையில் வந்தவர்கள் பாடிய பாட்டையே மாலையில் வந்தவர்களும் பாடுவார்கள். முறுக்கு டின்கள் மேசையில் அடுக்கிக் கிடக்கும். களைத்துப்போன பெரியவர்கள் பொழுது சாய்வதற்குள் படுக்கக் கேட்பார்கள். தைப்பூசம் முடிந்ததும் அதே கூடத்தில் வாரக்கணக்கில் தொலைக்காட்சியைத் தவிர வேறு ஓசை இராது. கலைஞர்களுக்கான வேலை இந்த வெறுமையான மாதங்களில்தான் இருக்கிறது.

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் வட்டாரத்தில் ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நடவடிக்கை ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். உள்ளூர்ப் பாடகர்கள், உறுமி மேளக் குழுவினர், பரதநாட்டிய ஆசிரியைகள், கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் எனப் பலர் புலனத்தில் (வாட்ஸ்அப்) தொடர்புகொண்டு, தங்கள் மேடைக் காணொளியை அனுப்பி, வாய்ப்பு உண்டா என்று கேட்கிறார்கள். பெரும்பாலோரின் திறமையில் குறை காண முடியாது. ஆனால் ஓர் இல்லம் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது திறமையை இரண்டாவதாகத்தான் பார்க்கிறது. இல்லத்தின் அன்றாட ஒழுங்கைக் குலைக்காமல், தாதியருக்கு வேலையைக் கூட்டாமல், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு மறுபடியும் வரக்கூடியவர் யார் என்பதே முதல் கேள்வி.

எந்த இல்லத்தை அணுகுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு அணுக வேண்டும். பீடோங்கில் உள்ள ரூமா ஸ்ரீ கெனாங்கான், ஆதரவற்ற முதியோருக்காகச் சமூகநல இலாகா நடத்தும் இல்லம். அங்கே நிகழ்ச்சி நடத்த விரும்புவோர் இல்லத்தின் முதல்வருக்கு மலாய் மொழியில் முறையான கடிதம் எழுதி, குழுவினரின் பெயர்களையும் நிகழ்ச்சி நிரலையும் இணைத்து அனுமதி கேட்பதே முறை. அதைத் தொண்டாகக் கருதிச் செல்லலாம். வருமானத்தை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். நன்கொடையில் நடக்கும் அறநிலைய இல்லங்களுக்குக் கலைஞருக்கென்று தனியாக எடுத்துவைத்த பணம் இருப்பது அரிது என்றாலும், பணம் கொடுக்கும் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டால் அங்கும் வழி உண்டு. குடும்பத்தினரிடம் மாதக் கட்டணம் பெறும் தனியார் இல்லங்களில்தான் நடவடிக்கைகளுக்கென்று சிறு தொகையாவது ஒதுக்கப்படுகிறது. பகலில் மட்டும் இயங்கும் பாவே எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் இன்னொரு வகை. அங்கு வருவோர் தாமாகவே மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்துவிடும் அளவுக்குத் தெம்பானவர்கள். பிறர் பாடக் கேட்பதைவிடத் தாங்களே ஒலிவாங்கியைப் பிடிக்க விரும்புவார்கள். அங்கே தேவைப்படுபவர் கச்சேரி செய்பவர் அல்லர், அவர்களைப் பாடவைக்கத் தெரிந்தவரே.

நால்வரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ்ச் சமூகநல இலாகாவில் பதிவுபெற வேண்டும். நீங்கள் பாடப்போகும் இல்லம் பதிவுபெற்றதா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. நேர்மையான நடத்துநர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2030இல் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்ற கணிப்பு பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆகவே இது ஓரிரு ஆண்டுகளில் வற்றிவிடும் துறையன்று.

தொடர்புகொள்ளும் நேரம் முக்கியம். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை குளிப்பாட்டல், உடை மாற்றல், பசியாறுதல், மருந்து கொடுத்தல் என்று இல்லம் பரபரப்பாக இருக்கும். சிறிய இல்லங்களில் நடத்துநரே அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். மதிய உணவு முடிந்து பெரியவர்கள் கண்ணயரும் இரண்டு மணிக்குமேல் அழைத்தால் நிதானமாகப் பேசுவார்கள். மேடையில் வண்ண விளக்குகளுக்கு நடுவே பாடிய காணொளி எங்களுக்கு அதிகம் உதவாது. ஐந்தாறு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டுக் கூடத்தில், ஒலிபெருக்கியின் ஒலியைக் குறைத்து, அவர்களைப் பார்த்துப் பாடும் இரண்டு நிமிடக் காணொளி போதும். அதனுடன் ஒரு பக்கத்தில் குழுவில் எத்தனை பேர், எவ்வளவு இடம், எத்தனை மின்செருகிகள், எந்தெந்த மொழிகளில் பாடுவீர்கள், கட்டணம் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். கட்டணத்தை எழுதாமல், பார்த்துச் செய்யுங்கள் என்று விடுவது பணிவாகத் தோன்றலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டியவரைச் சங்கடத்தில் தள்ளுகிறது, அவரும் பதில் எழுதுவதைத் தள்ளிப்போடுகிறார்.

நிகழ்ச்சிக்கு உகந்த நேரம் காலை பத்தரை மணி. முக்கால் மணி நேரம் தாராளமாகப் போதும். மறதிநோய் உள்ளவர்களில் சிலருக்கு மாலை நெருங்க நெருங்கக் குழப்பமும் பதற்றமும் கூடும். மருத்துவத் துறையில் நன்கு அறியப்பட்ட நிலை இது. ஐந்து மணிக்கு மேல் கூடத்தில் புதிய முகங்களும் புதிய ஓசையும் வந்து சேர்ந்தால் அன்றிரவு தாதியருக்கு உறக்கம் இல்லை.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வந்த குழுக்கள் மறுபடி அழைக்கப்படாமல் போவதற்கு நான் கண்டவரை இதுவே முதற்காரணம். வயதாகும்போது முதலில் குறைவது உச்சத் தொனிகளைக் கேட்கும் திறன். சொற்களை வேறுபடுத்திக் காட்டும் மெல்லிய ஒலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. எனவே பெரியவர்களுக்குப் பாட்டு கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. ஒலியைக் கூட்டினால் விளங்கிவிடும் என்று எண்ணி நாம் குமிழைத் திருகுகிறோம்; மேளமும் அடித்தொனியும் பெருகிச் சொல்லை இன்னும் மூடிவிடுகின்றன. செவித்துணைக் கருவி அணிந்தவருக்கு எல்லா ஓசையும் சேர்ந்து பெருகும். தளக்கல் பதித்த தரை, தகரக் கூரை, திரையில்லாத சன்னல்கள் கொண்ட கூடத்தில் நான்கு உறுமிகள் ஒன்றாக முழங்கினால் என்னவாகும் என்பதை ஒரு முறை பார்த்தோம். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் செவித்துணைக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, தாதி வந்து சக்கர நாற்காலியைத் திருப்பும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. அதே குழுவின் தலைவர் பிறகு எங்களோடு கலந்துபேசி, ஒரே ஓர் உறுமியை வெளித் தாழ்வாரமான அஞ்சடியில் நிறுத்தி, கோயில் ஊர்வலத்தில் நடைக்கு வாசிக்கும் மெதுவான அடியில் வாசித்தார். சன்னல் வழியே வந்த அந்த ஓசைக்கு யாரும் காதைப் பொத்தவில்லை. அவர் இன்றும் வருகிறார், வேறு இல்லங்களுக்கும் போகிறார்.

அடுத்தது பாட்டுத் தேர்வு. இளம்பாடகர்களுக்குப் பழைய பாட்டு என்றால் 80களின் பாட்டு. எங்கள் பாட்டிகளுக்கோ அது அவர்களுடைய பிள்ளைகள் கேட்ட பாட்டு. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்டவையே ஒருவரின் நினைவில் ஆழமாகப் பதிகின்றன. 1945இல் பிறந்தவருக்கு அது 1958 முதல் 1975 வரையிலான காலம், டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் தோட்டத்து வானொலிப் பெட்டிகளில் நாள்தோறும் ஒலித்த காலம். ஆனால் 1960இல் பிறந்த ஒருவரும் இன்று இல்லத்தில் இருக்கக்கூடும், அவருக்குக் கணக்கு மாறுகிறது. ஆகவே முன்கூட்டியே வயது விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஹார்வர்ட் போன்ற உள்ளூர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்குத் திரைப்பாடல்களைவிடக் கும்மியும், தாலாட்டும், மாரியம்மன் திருவிழாவின் கரகப் பாட்டும் நெருக்கமானவை. இவற்றைத் தெரிந்துவைத்திருக்கும் இளைஞர்கள் அருகிவிட்டதால், தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். மேலும், எங்கள் இல்லங்களில் தமிழர்கள் மட்டும் இருப்பதில்லை. பி. ரம்லியின் மலாய்ப் பாடல்களுக்கு மூவினத்தவரும் தலையாட்டுவார்கள். சீன மொழிப் பாடகி தெரேசா தெங்கின் ஒரு பாட்டையாவது உச்சரிப்புப் பிழையின்றிப் பாடத் தெரிந்த தமிழ்ப் பாடகரை எந்த நடத்துநரும் விடமாட்டார்.

கைத்தட்டலை எதிர்பார்த்து வருபவர்கள் மனம் சோர்ந்து போகிறார்கள். ஒரு பக்கம் செயலிழந்தவரால் கைதட்ட இயலாது. கண்ணை மூடியிருப்பவர் தூங்குகிறார் என்பதும் நிச்சயமில்லை. போர்வைக்குக் கீழே பாதம் அசைகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தால் பேச்சை இழந்த சிலர் பழகிய பாட்டின் வரியை மட்டும் சொற்களோடு பாடிவிடுவதுண்டு. பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளை ஒரே வழியை மட்டும் பயன்படுத்தாததால் இது நேர்கிறது. அப்படி ஒருவர் பாடத் தொடங்கினால் ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டி வேடிக்கையாக்காமல், நீங்கள் குரலைத் தாழ்த்தி அவரோடு சேர்ந்து பாடுங்கள்.

அறிவிப்பாளர் என்று ஒருவர் கூட வருவாரானால் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். திருமண மண்டபத்தில் எடுபடும் கிண்டல் இங்கே எடுபடாது. பெரியவர்களைக் குழந்தைகளைப்போல் கொஞ்சுவதும், தாத்தாவுக்கு ஜோடி தேடுவதும் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் உண்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணியாக இருந்தவர் உண்டு, பெரட்டு எனப்படும் காலைப் பெயர்ப்பதிவுக்குப் பிந்தாமல் முப்பது ஆண்டுகள் வேலைக்குப் போனவர் உண்டு. ஐயா, அம்மா என்பது எல்லாருக்கும் பொருந்தும். மலாய்க்காரரைப் பக்சிக், மக்சிக் என்றும், சீனரை அங்கிள், ஆன்ட்டி என்றும் அழைத்தால் போதும். பாட்டி, தாத்தா என்பதைச் சிலர் விரும்புவார்கள், சிலர் விரும்பமாட்டார்கள், தாதியிடம் கேளுங்கள்.

பாதுகாப்பில் சிறியவையே பெரியவை. நடைபாதையின் குறுக்கே போகும் மின்கம்பியை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டிவிட வேண்டும்; ஊன்றுகோல் அதில் சிக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. ஆடுவதற்கு யாரையும் கையைப் பிடித்து எழுப்பாதீர்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு முறுக்கும், நீரிழிவு உள்ளவருக்கு லட்டும் தீங்கு செய்யும் என்பதால் பலகாரத்தைப் பெரியவர் கையில் நேரே கொடுக்காமல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சளி, இருமல் இருந்தால் வராதீர்கள். குடும்பத்தாரின் ஒப்புதலின்றி முதியவர்களின் முகத்தை முகநூலில் நேரலையாகக் காட்டிய குழுவை, எவ்வளவு நன்றாகப் பாடினாலும், நாங்கள் திரும்ப அழைப்பதில்லை.

பணத்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேச வேண்டும். முதல் முறை அரைமணி நேரம் இலவசமாகப் பாடிக் காட்டுவது நல்ல வழி. அது ஒரு முறைக்கு மட்டும் என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். தொடர்ந்து இலவசமாக வருவதாகச் சொல்பவர்களை நான் ஓரளவு தயக்கத்தோடுதான் ஏற்கிறேன், ஏனெனில் அதே நாளில் திருமண விருந்துக்கு அழைப்பு வந்தால் அவர்கள் எதைக் கைவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சிறு தொகையாயினும் பேசி வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் கடமை பிறக்கிறது. இல்லத்தால் கொடுக்க இயலாதபோது குடும்பத்தார் தங்கள் தாயாரின் பிறந்தநாளுக்கென்று ஏற்றுக்கொள்வார்கள். உள்ளூர் நிறுவனங்களும் உதவும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அறநிலையம் என்றால், நிறுவனம் அதற்கு நன்கொடை கொடுத்து வரிக்கழிவுக்கான ரசீதைப் பெற்றுக்கொள்ளலாம், இல்லம் உங்களுக்குக் கட்டணம் செலுத்தலாம். இந்த வழி தெரியாத நடத்துநர்களுக்கு அதை எடுத்துச்சொன்ன ஒரு கீபோர்டு கலைஞர் தமக்கும் வேலையைத் தேடிக்கொண்டார், இல்லத்துக்கும் ஆதரவாளரைச் சேர்த்துக்கொடுத்தார்.

நிறுவனமாக நடத்தப்படும் இல்லங்கள் விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) கேட்கும். அதற்கு எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் வணிகப் பதிவு இருப்பது நல்லது. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி, அவ்வளவே. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா செலுத்திவந்தால், ஒலிபெருக்கியைத் தூக்கும்போதோ நிகழ்ச்சிக்குப் போகும் வழியிலோ நேரும் விபத்துக்குக் காப்புக் கிடைக்கும். நம் மேளக்காரர்களில் பெரும்பாலோர் இதை இன்னும் எடுக்கவில்லை.

இரத்து செய்வதைப் பற்றியும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தில் சளிக்காய்ச்சல் பரவினால் பார்வையாளர்களை நிறுத்திவிடுவோம். முந்தின நாள் இரவு ஒருவர் காலமாகியிருந்தால் அன்று காலை பாட்டு வேண்டாம் என்போம். இவை யாருடைய குற்றமும் அல்ல. அப்போது கட்டணம் இல்லாமல் வேறொரு நாள் தருவதா, பயணச் செலவை மட்டும் கொடுப்பதா என்பது தேதி குறிக்கும்போதே இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும்.