உள்ளே தடுமாறினால் வெளியே வேகம் குறையும்: மைட்டோகாண்ட்ரியாவும் புரத உற்பத்தியும்

மனித செல்லின் உட்கருவில் ஏறக்குறைய 20,000 புரத மரபணுக்கள் இருக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சொந்தக் கையிருப்போ மொத்தம் 37 மரபணுக்கள்தான். அதிலும் புரதத்துக்கானவை 13. சொற்பம்தான், ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கடைசியில் நீராக மாறுவது அந்த 13இல் ஒன்றான காக்ஸ்-1 புரதத்துக்குள்.

சிக்கல் என்னவென்றால், இந்த 13 புரதங்களும் தனியாக எந்த வேலைக்கும் உதவாது. ஆற்றல் தயாரிக்கும் சங்கிலியின் முதல் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 45 துண்டுகள் சேர்ந்தது அது. 7 துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே உருவாகின்றன. மீதி 38, உட்கருவின் மரபணுக்களிலிருந்து சைட்டோபிளாசத்தில் (உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் பகுதி) தயாராகி உள்ளே வர வேண்டும். ஒரு பக்கம் கூடினாலோ குறைந்தாலோ, ஜோடி கிடைக்காத துண்டுகள் மடிப்புக் குலைந்து தேங்கும். அவற்றை வெட்டி அப்புறப்படுத்தவே தனி நொதிகள் உண்டு.

உள்ளே இருக்கும் ரைபோசோமும், அதாவது புரதம் தயாரிக்கும் இயந்திரமும், கலப்புதான். ஆர்.என்.ஏ. உள்ளூர்ச் சரக்கு, சுமார் 80 புரதங்கள் அத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. மைட்டோகாண்ட்ரியாவின் முன்னோர் பாக்டீரியா என்பதால் சில ஆன்டிபயாடிக்குகள் இந்த ரைபோசோமையும் பதம்பார்த்துவிடும். லினசோலிட் மருந்தை நீண்ட நாள் எடுக்கும் சிலருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவது அப்படித்தான்.

சரி, உள்ளே தடுமாற்றம் என்பது வெளியே இருக்கும் ரைபோசோம்களுக்கு எப்படித் தெரியும்? மனித செல்லில் இதற்கான ஒரு வழி 2020இல் தெளிவானது. நெருக்கடி வந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் ஓமா-1 நொதி, டெலி-1 என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு சைட்டோபிளாசத்துக்குப் போய் எச்.ஆர்.ஐ. என்ற நொதியைத் தட்டி எழுப்பும். அது, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.-2 காரணியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான், செல் முழுக்க உற்பத்தி மந்தமாகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்தது. மற்றவை குறையும் அதே நேரத்தில் ஏ.டி.எஃப்.-4 என்ற புரதம் மட்டும் கூடுகிறது! அதன் தூது ஆர்.என்.ஏ.வின் (மரபணுவின் செய்முறையை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் நகல்) முன்பகுதியில் பொய்யான தொடக்கப் புள்ளி ஒன்று இருக்கிறது. சாதாரணமாக ரைபோசோம் அதில் ஏமாந்துவிடும். பாஸ்பேட் ஒட்டியதால் இ.ஐ.எஃப்.-2 காரணிக்குத் தட்டுப்பாடு வந்தால் அதைத் தாண்டிப் போய் சரியான இடத்தில் தொடங்கும். அப்புறம் ஏ.டி.எஃப்.-4 உட்கருவுக்குள் நுழைந்து, அமினோ அமிலம் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

கொஞ்ச நேரம் என்றால் இது செல்லைக் காப்பாற்றும். ஓயாமல் நீடித்தால், அதே ஏ.டி.எஃப்.-4 சாப் என்ற இன்னொரு புரதத்தைத் தூண்டி, செல்லைச் சாவின் பக்கம் தள்ளவும் கூடும்.